டர்பன் ஃப்ரீசர்ல இருந்த பதில்: கர்ப்பப்பை வாய்ச் சளியும் ஒரு எச்ஐவி ஜெல்லும்

2010 ஜூலை மாசம் வியன்னாவுல நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டுல, தென்னாப்பிரிக்காவோட காப்ரிசா ஆராய்ச்சி மையத்துக்காரங்க ஒரு ரிசல்ட் சொன்னாங்க. குவாரைஷா அப்துல் கரீம், சலீம் அப்துல் கரீம்னு கணவன் மனைவி ரெண்டு பேர் தலைமையில நடந்த ஆய்வு, பேரு காப்ரிசா 004. எச்ஐவி மாத்திரையில இருக்குற டெனோஃபோவிர்ங்கற மருந்தை 1% கலந்து ஜெல்லா செஞ்சாங்க. உறவுக்கு முன்னாடி 12 மணி நேரத்துக்குள்ள ஒரு தடவ, அப்புறம் 12 மணி நேரத்துக்குள்ள இன்னொரு தடவன்னு பெண்களே உள்ள வச்சுக்கணும். குவாசுலு-நேட்டால் மாகாணத்துல டர்பன் நகரத்துலயும் வுலிண்ட்லேலாங்கற கிராமப் பகுதியிலயும் 889 பெண்கள் சேர்ந்தாங்க. மருந்து இருந்த ஜெல் வாங்கினவங்கள்ல 38 பேருக்கும், மருந்தில்லாத வெறும் ஜெல் வாங்கினவங்கள்ல 60 பேருக்கும் எச்ஐவி வந்துச்சு. கணக்குப் போட்டா 39% பாதுகாப்பு.

இது எவ்ளோ பெரிய விஷயம்னு புரியணும்னா ஒன்ன யோசிச்சுப் பாருங்க. காண்டம் போடணும்னா ஆம்பள ஒத்துக்கணும். வேண்டாம்னு அவன் சொல்லிட்டா அந்தப் பொண்ணு கையில எதுவுமே இல்ல. அந்த மாகாணத்துல 25 வயசுக்குக் கீழ இருக்குற பொண்ணுங்களுக்கு எச்ஐவி குடுத்த ஆண்கள் சராசரியா 8.7 வயசு பெரியவங்கன்னு, வைரஸோட ஜீன வச்சு பிறகு பண்ணின ஒரு ஆய்வுல தெரிஞ்சுது. அவ்ளோ வயசு வித்தியாசம் இருக்குற எடத்துல பொண்ணு பேச்சு எவ்ளோ எடுபடும்? அதனால யாரையும் கேக்காம தானே போட்டுக்கிற ஒரு ஜெல் வேலை செய்யுதுன்னதும் பல வருஷமா காத்திருந்தவங்களுக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு.

ஆனா 39ங்கறது சராசரி. ஒவ்வொரு பொண்ணுக்கும் 39% பாதுகாப்புன்னு அர்த்தம் இல்ல, சிலருக்கு நல்லா வேலை செஞ்சிருக்கலாம், சிலருக்கு சுத்தமா செய்யாமப் போயிருக்கலாம், ரெண்டையும் சேர்த்துக் கலக்கினா 39 வருது. யாருக்கு வேலை செஞ்சுது, யாருக்கு செய்யல, ஏன்? ரத்தத்த எடுத்து எத்தன தடவ டெஸ்ட் பண்ணினாலும் இதுக்குப் பதில் கெடைக்காது. பதில் இருந்தது அதே பெண்கள் கிட்டருந்து எடுத்து ஃப்ரீசர்ல வச்சிருந்த கர்ப்பப்பை வாய்ச் சளியில. அது வெளிய வர இன்னும் எட்டு வருஷம் ஆச்சு. நான் எழுத வந்ததே அந்தச் சளியைப் பத்திதான், ஏன்னா இத எப்படி எடுக்குறாங்க, எடுத்து என்ன பாக்குறாங்கன்னு நம்ம மொழியில யாரும் உக்காந்து சொல்றதில்ல, வெள்ளைப்படுதல்ங்கற வார்த்தையையே குரலத் தாழ்த்தித்தான் பேசுறோம்.

அதுக்கு முன்னாடி ஒரு பழைய கதை இருக்கு, அத விட்டா மிச்சம் புரியாது. காப்ரிசாவுக்கு முன்னாடி வந்த ஜெல் எல்லாமே தோத்துப் போச்சு, அதுலயும் சிலது நெலமைய இன்னும் மோசமாக்குச்சு. நோனாக்ஸினால்-9ன்னு ஒரு மருந்து, விந்தணுவக் கொல்றதுக்காக பல வருஷமா புழக்கத்துல இருந்தது, டெஸ்ட் ட்யூப்ல எச்ஐவியையும் கொன்னுச்சு. பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்துன்னு நாலு நாட்டுல பாலியல் தொழில் பண்ற பெண்கள் கிட்ட சோதிச்சுப் பாத்தாங்க, 2002ல ரிசல்ட் வந்துச்சு. மருந்த அடிக்கடி போட்டவங்களுக்குத்தான் எச்ஐவி அதிகமா வந்திருந்தது. வைரஸக் கொல்றேன்னு போன மருந்து உள்தோலையே அரிச்சு புண்ணாக்கியிருந்தது. அடுத்து செல்லுலோஸ் சல்ஃபேட், அத 2007 ஜனவரியில பாதியிலயே நிறுத்திட்டாங்க. அந்த ஆய்வு நடந்த இந்திய ஊர் ரெண்டு, ஒண்ணு கர்நாடகாவோட பாகல்கோட், இன்னொண்ணு நம்ம சென்னை. சென்னையில அத நடத்தினவங்கள்ல ஒருத்தர் டாக்டர் சுனிதி சாலமன், 1986ல இந்தியாவுல எச்ஐவி இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சவங்க. ஆக இந்தக் கதையில நம்ம ஊர்ப் பெண்களோட பங்கும் இருக்கு, அது பலருக்குத் தெரியாது.

இந்தத் தோல்விகள் சொன்ன பாடம் ஒண்ணுதான். மருந்து வைரஸ என்ன பண்ணுதுன்னு மட்டும் பாத்தா பத்தாது, அந்தப் பொண்ணோட உள்தோல என்ன பண்ணுதுன்னும் பாக்கணும். அதப் பாக்கணும்னா அங்கருந்தே எடுக்கணும்.

கர்ப்பப்பை வாய்ங்கறது விநோதமான எடம். வெளிப்பக்கம், அதாவது யோனிப் பக்கம், பல அடுக்கா கெட்டியான தோல். உள்பக்கம் கர்ப்பப்பைக்குப் போற வழியில ஒரே ஒரு அடுக்கு செல்தான், அதுதான் சளிய சுரக்குது. இந்த ரெண்டும் சந்திக்கிற எடத்துலதான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் பெரும்பாலும் ஆரம்பிக்கும், எச்ஐவிக்குப் பிடிச்ச சிடி4ங்கற எதிர்ப்பு செல்லும் அங்கதான் நெறைய இருக்கும். அங்க இருக்குற எதிர்ப்பு சக்திக்கு ரெண்டு வேல, கிருமிய உள்ள விடக்கூடாது, ஆனா விந்தணுவையும் கருவையும் எதிரியா நெனச்சு அடிக்கவும் கூடாது. குடல், மூக்கு மாதிரி எடங்கள்ல ஐஜிஏங்கற ஆன்டிபாடிதான் அதிகம், இங்க ஐஜிஜிங்கற வேற வகை அதிகம். அதனால உடம்புல வேற எங்கயோ பாத்துட்டு இங்கயும் அப்படித்தான்னு சொல்ல முடியாது. சைட்டோகைன்ங்கறது எதிர்ப்பு செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்புற புரதம், ரத்தத்துல அதோட அளவு சாதாரணமா இருக்குற பொண்ணுக்கு இங்க கொதிச்சுக்கிட்டு இருக்கலாம்.

சரி, எடுக்குறது எப்படி? பாப் ஸ்மியர் எடுத்துக்கிட்ட பெண்களுக்கு முதல் பாதி தெரியும். பெட்ல படுக்க வச்சு ஸ்பெகுலம்ங்கற கருவிய உள்ள விட்டு மெதுவா விரிச்சா கர்ப்பப்பை வாய் கண்ணுக்குத் தெரியும். ஜெல் தடவிக்கிட்டு விட்டா அந்த ஜெல்லே சாம்பிள்ல கலந்துடும், அதனால வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு விடுவாங்க. அதுக்கப்புறம் எதை முதல்ல எடுக்குறோம்ங்கற வரிசை ரொம்ப முக்கியம், தொந்தரவு கொறைஞ்சதுலருந்து அதிகமானதுக்குப் போகணும். முதல்ல பஞ்சு முனை வச்ச குச்சி, ஸ்வாப், அதுல பாக்டீரியா. அடுத்து லேவேஜ், அதாவது உப்புக் கரைசல் ஒரு 10 மில்லி சிரிஞ்சுல எடுத்து கர்ப்பப்பை வாய் மேல பீச்சி, ஓரத்துல தேங்குறத திரும்ப உறிஞ்சி எடுக்குறது. அதுக்கப்புறம்தான் சைட்டோபிரஷ், சின்னதா பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி இருக்கும், அத கர்ப்பப்பை வாய் ஓட்டைக்குள்ள விட்டு ஒரு சுத்து சுத்துவாங்க, செல்லு எல்லாம் முடியில ஒட்டிக்கிட்டு வரும். சதை வெட்டி எடுக்குற பயாப்சி இருந்தா அது கடைசி. பிரஷ்ஷ முதல்ல விட்டா லேசா ரத்தம் வரும், ரத்தம் வந்துட்டா அப்புறம் எடுக்குற லேவேஜ்ல இருக்குற செல்லும் புரதமும் அந்த எடத்தோடதா ரத்தத்தோடதான்னு சொல்லவே முடியாது.

லேவேஜ்ல இன்னொரு தலைவலி இருக்கு. 10 மில்லி தண்ணிய விடுறோம், அங்க ஏற்கனவே எவ்ளோ சளி இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கு அர மில்லி, இன்னொருத்தருக்கு ரெண்டு சொட்டுன்னா, ரெண்டும் ஒரே தண்ணியில கரைஞ்சு வர்றப்ப அளவு எல்லாம் மாறிப் போகும். ஏற்கனவே கொஞ்சமா இருக்குற சைட்டோகைன் கரைஞ்சு கருவியே பிடிக்க முடியாத அளவுக்குப் போயிடும். அதுக்காகத்தான் கேப் டவுன் மாதிரி எடங்கள்ல மாதவிடாய் கப் மாதிரி மெல்லிசா ஒரு கப்ப உள்ள வச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்து, அதுல சேர்ந்த சளிய தண்ணி கலக்காம அப்படியே எடுக்க ஆரம்பிச்சாங்க. அந்தப் பொண்ணே போட்டு அந்தப் பொண்ணே எடுத்துக்கலாம், ஸ்பெகுலமே வேண்டாம். என்னக் கேட்டா அறிவியல் காரணத்த விட இதுதான் பெரிய நன்மை, ஒரு பொண்ணு நூறு யோசன பண்ணித்தான் அந்த பெட்ல ஏறிப் படுக்குறா.

எடுக்குற நாளும் முக்கியம். மாதவிடாய் சுழற்சியில எந்த நாள், கருத்தடை ஊசி போடுறாங்களா, நேத்து ராத்திரி உறவு வச்சாங்களா, உள்ள சோப்பு போட்டுக் கழுவினாங்களா, எல்லாமே ரிசல்ட்ட மாத்தும். கருமுட்ட வெளிய வர்ற சமயத்துல சளியில ஆன்டிபாடி அளவே ஏறி இறங்கும். விந்து தானே ஒரு அழற்சிய, அதாவது எதிர்ப்பு செல்லுங்க கூடி அந்த எடம் கொதிக்கிற நெலமைய, கெளப்பும், அதனால சாம்பிள்ல ஆண் சுரக்குற பிஎஸ்ஏங்கற புரதமோ ஒய் குரோமோசோமோ இருக்கான்னு டெஸ்ட் பண்ணிப் பாப்பாங்க. இதுல அந்தப் பொண்ண சந்தேகப்படுறதுக்கு ஒண்ணும் இல்ல. வெக்கத்துலயோ பயத்துலயோ யாரும் எல்லாத்தையும் சொல்ல மாட்டாங்க, அத மதிச்சு, கேள்வியால குடையாம, லேப்லயே தெரிஞ்சுக்கிற வழி இது.

பிரஷ்ஷ செல் வளக்குற திரவத்துல முக்கி ஐஸ் பெட்டியில வச்சு சில மணி நேரத்துக்குள்ள லேப்ல சேத்துடணும். சளி பிசின் மாதிரி, செல்ல விடவே விடாது. பிப்பெட்டால திரும்பத் திரும்ப பீச்சி, பிரஷ்ஷ கழுவி, சல்லடை மாதிரி ஃபில்டர்ல வடிகட்டி, சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி, அடியில தங்குறத எடுப்பாங்க. ஒரு டியூப் ரத்தத்துல கோடிக்கணக்குல வெள்ளணு சுலபமா கெடைக்கும், இங்க அதுல ஒரு சின்னப் பங்கு கெடைச்சாலே சந்தோஷம். ஃப்ரீஸ் பண்ணி அப்புறம் பாக்கலாம்னா நெறைய செல் செத்துப் போகும், அதனால அன்னிக்கே சாயம் போட்டு ஃப்ளோ சைட்டோமெட்ரி மெஷின்ல விடணும். செல் ஒண்ணொண்ணா லேசர் முன்னாடி ஓடும், சிடி4 இருக்கா, எச்ஐவி உள்ள நுழையப் பிடிச்சுக்கிற சிசிஆர்5ங்கற கைப்பிடி இருக்கா, செல் தூங்குதா முழிச்சிருக்கான்னு மெஷின் சொல்லிடும். செல் இல்லாம மேல தெளிஞ்சு நிக்கிற திரவத்த மட்டும் மைனஸ் 80 டிகிரியில வருஷக்கணக்கா வைக்கலாம். சைட்டோகைன், பாக்டீரியாவோட புரதம், மத்த புரதம் எல்லாம் அதுலருந்துதான் பாக்குறாங்க.

அந்த ஃப்ரீசரத் திறந்து அழற்சியத் தேடினது தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர்கள் லிண்டி மேசன், ஜோ-ஆன் பாஸ்மோர் கூட்டணி. காப்ரிசா 004ல பிறகு எச்ஐவி வந்த 58 பேரையும், அவங்களுக்கு ஈடா எச்ஐவி வராத 58 பேரையும் எடுத்து, தொற்று வர்றதுக்கு முன்னாடி சேத்து வச்ச லேவேஜ்ல சைட்டோகைன அளந்தாங்க. ஒன்பது அழற்சி சைட்டோகைன்ல அஞ்சோ அதுக்கு மேலயோ ஏறியிருந்தா அந்தப் பொண்ணுக்கு உள்ள அழற்சி இருக்குன்னு ஒரு கோடு போட்டுக்கிட்டாங்க. 2015ல வந்த ரிசல்ட் என்னன்னா, அழற்சி இருந்தவங்களுக்கு எச்ஐவி வர்ற வாய்ப்பு மூணு மடங்குக்கு மேல. அதுல பல பேருக்கு வெளிய எந்த அறிகுறியும் இல்ல. அரிப்பு இல்ல, நாத்தம் இல்ல, வலி இல்ல. பால்வினை நோய் எதுவும் இல்லாதவங்களுக்கும் அழற்சி இருந்துச்சு.

இங்கதான் நம்ம பொதுப்புத்தி தடுமாறும். இம்யூனிட்டி ஏறினா நல்லதுன்னுதான எல்லாரும் நெனைக்கிறோம்? எச்ஐவி விஷயத்துல அது தலைகீழ். இந்த வைரஸ் சாப்பிடுறதே எதிர்ப்பு செல்லத்தான். உள்ள தீ பிடிச்ச மாதிரி சைட்டோகைன் கத்தினா, உதவிக்கு ஓடி வர்றது சிசிஆர்5 இருக்குற சிடி4 செல்லுங்க, அதாவது வைரஸுக்கு வேணும்ங்கற அதே ஆளுங்க. வந்த செல் முழிச்சிருக்குறதால வைரஸ் உள்ள போனதும் வேகமாப் பெருகும். தோலோட அடுக்கப் பிடிச்சு வச்சிருக்கிற புரதங்களும் கொறைஞ்சு, நடுவுல சந்து விழும். மினசோட்டா பல்கலையோட ஆஷ்லி ஹாஸ் குழு 2009லயே குரங்குல இதக் காட்டியிருந்தாங்க. உள்ள நுழையுறப்ப ரொம்பக் கொஞ்சம் செல்லதான் வைரஸ் பிடிக்குது, அதப் பெருசாக்க புது சிடி4 செல்ல வரவழைக்கணும், அந்த அழைப்பையே கிளிசரால் மோனோலாரேட்ங்கற, சாப்பாட்டுலயும் சேக்குற ஒரு சாதாரணப் பொருளால அடக்கினா தொற்றே தடுக்கப்படுதுன்னு.

அடுத்து 2018. லைல் மெக்கின்னன் தலைமையில அதே காப்ரிசா சாம்பிள்கள வச்சு, ஜெல் வேலை செஞ்சதையும் அழற்சியையும் சேத்துப் பாத்தாங்க. அழற்சி இல்லாத பெண்களுக்கு ஜெல் 57% பாதுகாப்பு குடுத்திருக்கு, அவங்களே ஒழுங்கா போட்டிருந்தா 75%. அழற்சி இருந்தவங்களுக்கு? 3%. அதாவது ஒண்ணும் இல்ல, அவங்க ஒழுங்கா போட்டும் பிரயோஜனம் இல்ல. வியன்னாவுல சொன்ன 39க்குள்ள இவ்ளோ பெரிய வித்தியாசம் ஒளிஞ்சிருந்தது. இந்த நம்பரப் படிச்சப்ப எனக்கு முதல்ல தோணினது அந்த ரெண்டாவது கூட்டத்துப் பெண்களப் பத்திதான், சொன்னபடி எல்லாம் செஞ்சும் தொற்று வந்த பொண்ணு ஒருத்தி தன்னையே எவ்ளோ குறை சொல்லியிருப்பா. பொதுவா இந்த மாதிரி ஆய்வு தோத்தா பெண்கள் மருந்த ஒழுங்கா போடலன்னு ஒரு வரியில முடிச்சுடுவாங்க. பல எடத்துல அது உண்மையும்தான், ஆனா இங்க முழு உண்மை இல்ல.

அழற்சி மட்டும் காரணமும் இல்ல. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2017ல, நிக்கோல் க்ளாட், ஆடம் பர்கெனர் குழு 688 பெண்களோட லேவேஜ்ல இருந்த பாக்டீரியாப் புரதத்தப் பாத்தாங்க. லாக்டோபேசிலஸ், தயிர்க் கிருமியோட சொந்தம், அது ஆதிக்கமா இருந்தா லாக்டிக் அமிலம் சுரந்து உள்ள புளிப்பா வச்சிருக்கும். அந்தப் பெண்களுக்கு ஜெல் 61% வேலை செஞ்சுது. அது கொறைஞ்சு வேற பாக்டீரியா நெறைஞ்சவங்களுக்கு 18%தான். காரணம் தேடினா, கார்ட்னரெல்லாங்கற பாக்டீரியா டெனோஃபோவிரையே உறிஞ்சி ஒடைக்குது, மனுஷ செல்லுக்குள்ள மருந்து போறதுக்கு முன்னாடியே. ரெண்டு ஆய்வும் வேற வேற கதை சொல்ற மாதிரி தெரியும், ஆனா அந்தப் பாக்டீரியாக் கலவையே அழற்சியையும் கெளப்பும்னு டர்பன் பக்கத்துல உம்லாசியில நடந்த இன்னொரு ஆய்வு காட்டுச்சு.

அந்த ஆய்வு பேரு ஃப்ரெஷ். அதப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். 18லருந்து 23 வயசு வரைக்கும், எச்ஐவி இல்லாத, வேலை இல்லாத பொண்ணுங்க வாரத்துக்கு ரெண்டு தடவ வருவாங்க. வாழ்க்கைத் திறன், கம்ப்யூட்டர், வேலைக்கான பயிற்சின்னு கிளாஸ் நடக்கும், கூடவே விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வைரஸ் பாப்பாங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவ கர்ப்பப்பை வாய் சாம்பிள். சாம்பிள் குடுக்குறவளுக்கும் ஏதாவது கெடைக்கணும்னு யோசிச்சு கட்டின ஆய்வு இது, நான் ரொம்ப மதிக்கிற விஷயம். அங்க பாத்தா நோய் அறிகுறி எதுவும் இல்லாத பெண்கள்லயே மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமானவங்களுக்குத்தான் லாக்டோபேசிலஸ் ஆதிக்கம், அதுலயும் பலருக்கு இருந்தது இனர்ஸ்ங்கற, காவல் சரியா காக்காத வகை. நல்லா காக்குற கிரிஸ்பேட்டஸ் கொஞ்சப் பேருக்குத்தான். பல வகை பாக்டீரியா கலந்திருந்தவங்களுக்கு, கிரிஸ்பேட்டஸ் இருந்தவங்கள விட எச்ஐவி வர்ற வாய்ப்பு நாலு மடங்கு.

இதுக்கு எதிர்ப்பக்கம் நைரோபியில இருக்கு. பும்வானி மஜெங்கோ பகுதியில 1985லருந்து பாலியல் தொழில் பண்ற பெண்கள நைரோபி, மானிட்டோபா பல்கலைக்காரங்க பாத்துக்கிட்டு வர்றாங்க. வருஷக்கணக்கா எச்ஐவி கூடவே பழகியும் தொற்றே வராத சில பெண்கள் அங்க இருந்தாங்க. பெரிய ஆயுதம் ஏதோ வச்சிருக்காங்கன்னு தேடினா, அவங்க கர்ப்பப்பை வாய் சாம்பிள்ல பாத்தது அமைதி. முழிச்சிருக்கிற சிடி4 செல் கம்மி, தோலக் காப்பாத்துற புரதங்கள் அதிகம். அப்ப அந்த அமைதிய நாமளே உண்டாக்க முடியுமான்னு கீத் ஃபௌக் குழு கென்யாவுல ஆறு வாரம் தெனம் 81 மில்லிகிராம் ஆஸ்பிரின், நம்ம வீட்டுப் பெரியவங்க இதயத்துக்குப் போடுற மாதிரி சின்ன அளவு, குடுத்துப் பாத்தாங்க. அந்த எடத்துல எச்ஐவி பிடிக்கக்கூடிய செல்லுங்க 35% கொறைஞ்சுது. இத வச்சு எச்ஐவி வராதுன்னு யாரும் ஆஸ்பிரின் போட்டுக்கக் கூடாது. செல் கொறையுதுன்னுதான் காட்டினாங்க, தொற்று கொறையுதுன்னு இல்ல.

ஜெல் கதை பிறகு நல்லா முடியல. ஃபேக்ட்ஸ் 001ங்கற பெரிய ஆய்வுல 2,059 பெண்கள் கிட்ட அதே ஜெல்ல சோதிச்சு, 2015ல பலன் இல்லன்னு வந்துச்சு. இப்ப லெனகபாவிர்ங்கற ஊசி வந்திருக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ, 2024ல தென்னாப்பிரிக்கா உகாண்டாவுல ஊசி போட்டுக்கிட்ட 2,134 பெண்கள்ல ஒருத்தருக்குக்கூட எச்ஐவி வரல. அப்ப இந்தச் சளி ஆராய்ச்சி எதுக்குன்னு கேக்கலாம். ஊசி அழற்சிய ஆத்தாது. அந்தப் பாக்டீரியாக் கலவை குறைப்பிரசவத்தோடயும் மத்த பால்வினை நோய்களோடயும் சேந்து வர்றது, ஊசி போட்டாலும் அது அப்படியேதான் இருக்கும்.

அதோட, அறிகுறி இல்லாம உள்ள அழற்சி இருக்குற பெண்கள கிளினிக்ல கண்டுபிடிக்கவே வழி இல்ல. ஏழை நாடுகள்ல பெரும்பாலும் வெள்ளைப்படுது, அரிக்குதுன்னு வந்து சொன்னாத்தான் மருந்து குடுப்பாங்க, அறிகுறி இல்லாத அழற்சிக்கு அங்க எடமே இல்ல. சைட்டோகைன் அளக்குற மெஷினோ பெரிய லேப்லதான் இருக்கு. அதனால மேசனும் பாஸ்மோரும் அத்தன சைட்டோகைன்லருந்து மூணே மூணத் தேர்ந்தெடுத்தாங்க, ஐஎல்-1 ஆல்ஃபா, ஐஎல்-1 பீட்டா, ஐபி-10. பாக்டீரியாக் கோளாறு இருந்தா ஐஎல்-1 ஏறும், ஐபி-10 இறங்கும், அதனால மூணையும் சேத்துப் பாத்தா என்ன நடக்குதுன்னு ஓரளவு புடிபடும். கர்ப்ப டெஸ்ட் கார்டு மாதிரி ஒரு அட்டையில இத கொண்டு வந்து, கிஃப்ட்னு பேரு வச்சு, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, மடகாஸ்கர் மூணு நாட்டுலயும் சோதிக்க ஆரம்பிச்சாங்க. ஒரு ஸ்வாப், ஒரு அட்டை, நர்ஸ் ஒருத்தர் போதும், ரிசல்ட்டுக்காக அந்தப் பொண்ணு இன்னொரு நாள் பஸ் ஏறி வர வேண்டியதில்ல.